பட்டன் ஒட்டிக்கொண்டதற்கு அந்தப் பெண் என்ன செய்வார்?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு இணையதளத்தை ஐஃபோனில் திறந்தால் மூன்று பட்டன்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மேலே "காசு வாங்கிக்கொண்டு அரைகுறை வேலை" என்று ஒரு வரி. ஆளாளுக்குப் பகிர்கிறார்கள். அந்தத் தளத்தைச் செய்த பெண் எனக்குத் தெரிந்தவர். அதனால்தான் எழுதுகிறேன்.

இணையதளம் கல்யாணப் பத்திரிகை மாதிரி அச்சடித்துக் கையில் கொடுப்பது அல்ல. தளம் செய்யும் நாங்கள் அனுப்புவது வெறும் எழுத்து. இது தலைப்பு, இது பட்டன், நடுவில் இவ்வளவு இடம் விடு, அவ்வளவுதான். அதைப் படித்துத் திரையில் வரைவது உங்கள் பிரவுசர். க்ரோமுக்கும் எட்ஜுக்கும் பிளிங்க், ஃபயர்ஃபாக்ஸுக்கு கெக்கோ, சஃபாரிக்கு வெப்கிட் என்று, பக்கத்தை வரையும் எஞ்சினே வேறு. எழுத்துருவும் வேறு. விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம். ஒன்றில் ஒரு வரியில் அடங்கும் தமிழ்த் தலைப்பு இன்னொன்றில் இரண்டு வரியாகும்.

அந்தப் பட்டன் விஷயத்துக்கு வருகிறேன். பட்டன்களை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் முறையில் 'கேப்' என்று ஒரே வரியில் இடைவெளி விடும் வசதி ஃபயர்ஃபாக்ஸில் 2018இல் வந்தது, க்ரோமில் 2020இல். சஃபாரியில் 2021 ஏப்ரலில்தான். ஐஃபோனில் சஃபாரியின் எஞ்சின் ஐஓஎஸ்ஸோடு சேர்ந்துதான் புதிதாகும். படம் போட்டவர் வைத்திருப்பது ஐஃபோன் 6, அவரே சொன்னார். அதற்கு ஐஓஎஸ் 12க்கு மேல் கிடையாது. தனக்குப் புரியாத வரியை பிரவுசர் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். அதுதான் நடந்தது. "ஐஃபோன் க்ரோமிலும் அப்படியே இருக்கிறது" என்பது அந்தப் பெண்ணின் தவறு என்பதற்கு ஆதாரமே அல்ல. அந்த க்ரோமுக்குள்ளும் ஓடுவது வெப்கிட்தான், ஆப்பிளின் விதி அது. ஐரோப்பிய ஒன்றியத்தில்கூட 2024இல்தான் அதைத் தளர்த்தினார்கள்.

"சோதித்துப் பார்த்திருக்கலாமே?" பார்த்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் டெஸ்டிங்குக்கு என்று அந்தப் பெண் கேட்ட தொகையைப் பேரம் பேசி வெட்டியது யார்? பழைய ஃபோன்களை எல்லாம் அவர் சொந்தக் காசில் வாங்கி அடுக்க வேண்டுமா?

"க்ரோமில் சரியாக வந்தால் போதும்" என்பவர்களுக்கு: கட்டத்துக்குள் இருக்கும் சிறு கட்டங்களை ஒரே கோட்டில் நிறுத்தும் சப்கிரிட் வசதி ஃபயர்ஃபாக்ஸில் 2019இலேயே இருந்தது, க்ரோமுக்கு 2023 வரை ஆனது. எல்லாவற்றிலும் முந்தி நிற்கும் பிரவுசர் என்று ஒன்று கிடையாது.

எனக்கு இது புதிதல்ல. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 காலத்தில், பின்னணி ஊடுருவித் தெரியும் பிஎன்ஜி படமாகச் செய்த லோகோவைச் சுற்றிச் சாம்பல் கட்டம் தெரிந்ததற்காக ஒரு அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். அந்த பிரவுசருக்கு அதைக் காட்டவே தெரியாது என்று சொன்னேன். சாக்குச் சொல்கிறான் என்றார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சொல் வலிக்கிறது. சரியாக ஓடும்போது ஒருவரும் எங்களை நினைப்பதில்லை. ஒரு பட்டன் நகர்ந்தால் மட்டும் திருடர் ஆகிவிடுகிறோம்.

'கேப்' வரியோடு, சுற்றிலும் இடம் விடும் பழைய முறையான மார்ஜினையும் சேர்த்து அந்தப் பெண் அன்றே சரிசெய்துவிட்டார். ஆனால் தளத்தைச் செய்யச் சொன்னவர்கள் இந்தப் படத்தைக் காட்டி அவருடைய கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பட்டன் இப்போது சரியாக இருக்கிறது. அவர் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.