சாலையில் பார்த்த மான்கள் காட்டின் கணக்கு ஆகாது

"முதுமலை சாலையில் ஒரே மாலையில் நூறு புள்ளிமான் பார்த்தேன், புலிக்கு இரை குறைவு என்பதெல்லாம் கட்டுக்கதை" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பார்த்தது உண்மையாகவே இருக்கட்டும். சாலையோரம் புதர் வெட்டிய இடத்தில் புல் துளிர்க்கும், புள்ளிமான் அங்கேதான் கூடும். புலி விரும்பித் தின்னும் கடமான் பெரும்பாலும் உள்ளே அடர்ந்த பகுதியில் இருக்கும். அதனால் இந்த எண்ணிக்கையை வைத்து முழுக் காட்டுக்கும் முடிவு சொல்வது தவறு.

முறையான மதிப்பீட்டுக்கு, முன்பே வகுத்த நேர்கோட்டுப் பாதைகளில் அதிகாலையில் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். மந்தை தெரிந்ததும் எத்தனை தலை, லேசர் கருவியில் எவ்வளவு தூரம், காம்பஸில் என்ன கோணம் என்று குறிப்பார்கள். 60 மீட்டர் தூரத்தில், பாதைக்கு 30 டிகிரி விலகி மான் நின்றால், பாதையிலிருந்து அதன் செங்குத்துத் தூரம் 30 மீட்டர். பாதையை விட்டுத் தள்ளிப் போகப் போக விலங்குகள் கண்ணில் படுவது எப்படிக் குறைகிறது என்று பார்த்துத்தான், தவறவிட்டவற்றையும் சேர்த்துச் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1980களிலேயே கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் இப்படித்தான் கணக்கிட்டார்.

ஒரு புலி ஆண்டுக்குச் சுமார் 50 பெரிய விலங்குகளை அடிக்கும். அந்த இழப்பைப் புதிதாகப் பிறக்கும் குட்டிகள் ஈடுகட்ட, அந்தப் புலியின் பகுதியில் சுமார் 500 இரை விலங்குகள் தேவை. நூறு மான் பார்த்ததை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.