சி.ஆர்.பி. நார்மல், சரி. என்ன மருந்து எடுக்கிறீர்கள்?

முடக்குவாதத்துக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் வருகிறது, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. எகிறியிருக்கிறது. மூட்டு நோய் மறுபடி கிளம்பிவிட்டதா, எங்காவது கிருமி புகுந்துவிட்டதா? நோய்தான் என்றால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டிவரலாம். கிருமி என்றால் அப்படிக் கூட்டுவதே ஆளைக் கவிழ்த்துவிடும். இவ்வளவு பெரிய முடிவை அந்த ஒற்றை எண்ணை வைத்து எடுக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சி.ஆர்.பி.யைத் தயாரிப்பது கல்லீரல். இன்டர்லூகின்-6 என்ற புரதம் ரத்தத்தில் கூடினால் கல்லீரல் சி.ஆர்.பி.யைக் கொட்டும். அந்த உத்தரவு வீங்கிய மூட்டிலிருந்து வந்ததா, நுரையீரலில் இருக்கும் கிருமியால் வந்ததா என்று கல்லீரலுக்குத் தெரியாது. 1930-இல் இதை முதலில் கண்டதே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான்.

உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸில் கதை வேறு. நோய் நன்றாகக் கிளம்பியிருக்கும்போதும் பலருக்கு ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் இன்னொரு அழற்சிப் பரிசோதனை) ஏறும், சி.ஆர்.பி. பெரிதாக ஏறாது. அதனால் லூபஸ் உள்ளவருக்கு சி.ஆர்.பி. திடீரென்று தாவினால் முதலில் தொற்றைத் தேட வேண்டும். நுரையீரல் உறையிலோ இதய உறையிலோ அழற்சி வந்தாலும் ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. ஈ.எஸ்.ஆர். ரத்தசோகையிலும் வயதிலும்கூடக் கூடும், இறங்கவும் வாரக்கணக்கில் ஆகும். இன்றைய காய்ச்சலைப் பற்றி அது அதிகம் சொல்லாது.

புரோகால்சிடோனின் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை பாக்டீரியா தொற்றைப் பிரித்துக் காட்ட உதவுகிறது. ஆனால் ஓரிடத்தில் கட்டிக்கொண்ட சீழிலும் காசநோயிலும் அது தாழ்வாகவே இருக்கலாம்.

எனக்கு அதிகம் பயம் தருவது முடக்குவாதத்துக்குப் போடும் டோசிலிசுமாப் போன்ற ஊசிகள். நல்ல மருந்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்டர்லூகின்-6-இன் வேலையையே அது தடுத்துவிடுவதால், உள்ளே கடுமையான தொற்று இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறாமல் இருக்கலாம். காய்ச்சலும் லேசாகத்தான் காட்டலாம். அந்த நேரத்தில் 'நார்மல்' என்ற ரிப்போர்ட்டை நம்பி வீட்டுக்கு அனுப்புவது பெரிய ஆபத்து. நேர்மாறாக, ஸ்டீராய்டு எடுப்பவருக்குத் தொற்றே இல்லாமல் வெள்ளணுக்கள் கூடியிருக்கலாம்.

என் அக்காவின் ஃபைலில் முதல் தாளில் இவை எழுதியிருக்கும்: நோய் அடங்கியிருந்தபோது வந்த சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர்., எடுக்கும் மருந்துகள், கடைசி ஊசி போட்ட தேதி. எண்ணுக்குப் பக்கத்தில் அலகும் இருக்கும். ஒரு லேப் லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்று தரும், இன்னொன்று அதையே டெசிலிட்டருக்கு 4 என்று தரும். அவசரத்தில் பார்ப்பவருக்குப் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது போலத் தோன்றும். எல்லா லேப்களும் ஒரே அலகில் தந்தால் என்ன?

நீங்களும் இப்படி ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். புது டாக்டரிடம் போனால் ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன் அதைக் காட்டுங்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுக்கிறீர்கள் என்பதை வாய்விட்டும் சொல்லுங்கள்.