18 வயதுவரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்

அமெரிக்காவில் அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளின் கிரெடிட் ரிப்போர்ட்டை (ஒருவர் பெயரில் உள்ள கடன், பில் பாக்கி விவரங்கள் அடங்கிய அறிக்கை) சிறுவயதிலேயே பார்க்க வேண்டுமா என்ற பேச்சில், "18 ஆகும்வரை கிரெடிட் ரிப்போர்ட்டே இருக்காது, பார்க்க என்ன இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கக் கூடாது என்பது சரி. ஆனால் இருந்துவிட்டால், பெரும்பாலும் யாரோ அந்தப் பிள்ளை பெயரில் கணக்குத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்தப் பிள்ளைகளின் சோஷியல் செக்யூரிட்டி எண் (கணக்குத் திறக்கப் பயன்படும் அரசு அடையாள எண்) சொந்தக்காரர், வளர்ப்பு வீடு, அலுவலகம் என்று பல கை மாறுகிறது. அதனால்தான் 14 வயதிலிருந்து வருடாவருடம் ரிப்போர்ட்டை இலவசமாக எடுத்துக் கொடுத்து, தவறிருந்தால் திருத்தவும் உதவ வேண்டும் என்று மத்திய சட்டமே சொல்கிறது. முன்பு 16 ஆக இருந்ததை 2014ஆம் ஆண்டுச் சட்டம் குறைத்தது.

யாரோ பிள்ளை பெயரில் கரண்ட் கனெக்‌ஷன் எடுத்து, பில் கட்டாமல் போயிருப்பார். பராமரிப்பிலிருந்து வெளியே வந்து முதல் வாடகை அறை கேட்கும்போது, வீட்டுக்காரர் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்கே தெரியும். அப்போது பக்கத்தில் நிற்க ஆளும் இருக்காது.