துணைவருக்கும் உதவி உண்டு

“அமெரிக்காவில் 9/11க்குப் பிறகு காயம்பட்ட வீரர்களின் மனைவிமாருக்குத்தான் அரசு ஆதரவு, வியட்நாம் காலத்தவர் வீட்டில் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டியதுதான்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பழைய கதை. வீரர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கு உதவ வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் தொடங்கியது, சரி. ஆனால் 2018இல் வந்த மிஷன் சட்டம் அதை மாற்றியது. 2020 அக்டோபரில் வியட்நாம் காலம் வரையிலானவர்களுக்கும், 2022 அக்டோபரில் மற்ற எல்லாக் காலத்தவருக்கும் திட்டம் விரிந்தது. மாத உதவித்தொகைக்கு, வீரருக்குப் பணியால் வந்த 70 சதவீத ஊனம் போன்ற நிபந்தனைகள் உண்டு. பயிற்சியும் ஆலோசனையும் தரும் பொதுத் திட்டத்துக்கு அந்த 70 சதவீதம் தேவையில்லை. பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அப்புறம் அந்தக் ‘கல்’ விஷயம். அமெரிக்க முன்னாள் வீரர் நலத்துறையின் (விஏ) ரீச் விஏ என்ற பயிற்சி துணைவர்களுக்குக் கற்றுத்தருவது அழுகையை அடக்குவதை அல்ல. பிரச்சினையைக் கூறுபோட்டுத் தீர்ப்பது, உடலைத் தளர்த்துவது, தன்னையே குற்றம் சொல்லும் எண்ணங்களைப் பரிசீலிப்பது. மருத்துவமனை அருகிலுள்ள ஃபிஷர் ஹவுஸ்களில் குடும்பத்தார் இலவசமாகத் தங்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தே பல இரவுகளைக் கழித்தவருக்கு, என்னைக் கேட்டால், அந்தத் தூக்கம்தான் முதல் மருந்து.

2010இல் முன்னாள் செனட்டரும் போரில் காயம்பட்டவருமான பாப் டோல், வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருந்தபோது, அங்கே பிற வீரர்களின் துணைவர்களைச் சந்தித்ததுதான் அவர் மனைவி எலிசபெத் டோலை 2012இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்க வைத்தது.