அரிசி வாங்க ஜெபம் எதற்கு?

2005 ஜனவரி முதல் வாரம். சுனாமி அடித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. நண்பர்கள் நாலைந்து பேர் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் பாய், போர்வை கொடுத்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வெளிநாட்டு நன்கொடையில் இயங்கும் ஒரு குழு டோக்கன் கொடுத்தது. டோக்கன் வாங்கியவர்கள் ஜெபம் முடியும்வரை உட்கார வேண்டும், அப்புறம்தான் அரிசி. மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒரு அக்கா, கழுத்தில் அம்மன் டாலரோடு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன தம்பி பண்றது, வீட்ல அடுப்பு எரியணுமே" என்றார். இன்றுவரை அந்த முகம் என்னை விட்டுப் போகவில்லை.

இதை வைத்து மிஷனரிகள் எல்லோருமே இப்படித்தான் என்று சொல்ல என்னால் முடியாது. என் அம்மா பிறந்தது ராயபுரம் ரெய்னி மருத்துவமனையில். ஸ்காட்லாந்து மிஷன்காரர்கள் தொடங்கியது. பாட்டி நெற்றி நிறைய விபூதியோடு போய், விபூதியோடுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேலூரில் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அவரை அந்த ஊரில் உட்காரவைத்தது அவருடைய விசுவாசம். அதில் என்ன தப்பு?

செஞ்சிலுவை இயக்கமும் பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994-ல் வகுத்த நடத்தை விதிகளில் மூன்றாவது இதைத்தான் சொல்கிறது: மதத்தையோ அரசியலையோ வளர்க்க உதவியைக் கருவியாக்கக் கூடாது. நிறுவனத்துக்கு ஒரு மதம் இருக்கலாம். ஆனால் வாங்குபவர் அதை ஏற்கிறாரா என்று பார்த்துக் கொடுக்கக் கூடாது.

சட்டம் போட்டுத் தடுக்கலாமே என்பார்கள். 2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-ல் போயும்விட்டது. போனதில் எனக்கு நிம்மதி. மதம் மாறுகிற ஏழை என்றாலே ஏமாந்தவர் என்று அரசாங்கம் முடிவு செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. 1981-ல் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனது சாதிக் கொடுமை தாங்காமல். அவர்கள் காசுக்குப் போனார்கள் என்று இன்றும் சிலர் பேசும்போது வயிறு எரிகிறது.

அடுத்த வெள்ளத்துக்கு எந்தக் குழுவுக்காவது பணம் அனுப்புகிறீர்களா? ஜெபமோ பூஜையோ வேண்டாம் என்று எழுந்து போகிறவருக்கும் அதே மூட்டை உண்டா என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்ல இழுத்தால் வேறு குழுவைப் பாருங்கள்.