பாலி கமெலானில் சுருதி பிசகவில்லை

கமெலான் என்பது இந்தோனேசியாவின் வெண்கல வாத்தியக் குழு. அதில் பாலித் தீவின் கோங் கெப்யார் எனும் வகையின் வாசிப்பைக் கேட்டதும் நம்மவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "வாசிப்பு பிரமாதம், ஆனா சுருதி சேரலையே!" தம்பூராவில் பழகிய காதுக்கு அப்படித்தான் படும். ஆனால் அங்கே சுருதி சேர்ப்பவர் உயிரைக் கொடுத்து உழைப்பதே அந்த விலகலைக் கொண்டுவரத்தான்.

வெண்கலப் பட்டைகள் கொண்ட கங்சா வாத்தியங்களை ஜோடி ஜோடியாகத்தான் செய்வார்கள். ஜோடியில் சற்றுத் தாழ்ந்தது பெங்கும்பாங், சற்று உயர்ந்தது பெங்கிசெப். ஒரே ஸ்வரத்தை இரண்டிலும் ஒருசேர அடித்தால் ஒலி அலையலையாகத் துடிக்கும். இதற்கு ஓம்பாக் என்று பெயர். கணக்குக்காகச் சொன்னால், ஒன்று 300 ஹெர்ட்ஸ், மற்றது 307 என்றால் நொடிக்கு 7 துடிப்பு. மேல் ஸ்தாயியிலும் அதே துடிப்பு வேண்டும். அப்படியானால் 600க்கு ஜோடி 607. அங்கே 614 வைத்தால் துடிப்பு இரட்டித்துப் பதற்றமாகிவிடும். ஒரே ஒலியைப் பதிவுசெய்து மேலே கீழே நகர்த்தும் கீபோர்டு கமெலான் போலியாகக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பட்டையின் அடிப்பக்கம் நடுவில் சுரண்டினால் ஸ்வரம் இறங்கும், முனைகளில் தேய்த்தால் ஏறும். க்ளுங்குங் பகுதியில் திஹிங்கான் ஊர்ப் பட்டறைகள் இந்த வேலைக்குப் பேர்போனவை. புது வெண்கலம் உடனே நிலைகொள்ளாது. நாளாக ஆக ஸ்வரம் நகரும், மறுபடி சேர்க்க வேண்டும்.

சரி, வாசிப்புக்கு வருவோம். பெமாடே எனும் கங்சாவில் வழக்கமாக நாலு பேர். ஒரு வேகமான வரிசையை ஒருவரே வாசிப்பதில்லை; போலோஸ், சங்சிஹ் என்று இரண்டாகப் பிரித்துப் பின்னுவார்கள். இதுதான் கொத்தெகான். மூன்று ஸ்வர வகையில் கீழ் இரண்டும் போலோஸுக்கு, மேல் இரண்டும் சங்சிஹுக்கு, நடு ஸ்வரம் இருவருக்கும் பொது. போலோஸுக்கு ஒரு ஜோடி, சங்சிஹுக்கு ஒரு ஜோடி உட்கார்ந்தால்தான் எல்லா ஸ்வரத்திலும் துடிப்பு வரும். பெங்கும்பாங் வாத்தியங்கள் இரண்டையும் போலோஸிடமும் பெங்கிசெப் இரண்டையும் சங்சிஹிடமும் கொடுத்தால் பொது ஸ்வரத்தில் மட்டும் துடித்து, மற்றவை தட்டையாகிவிடும்.

செலவைக் குறைக்க இரண்டே பெமாடேயோடு சுற்றுலாப் பயணிகளுக்கு நடத்தும் நிகழ்ச்சிகளிலும் இதே கோளாறுதான். குறை சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இடக்கை. வலக்கைச் சுத்தியல் அடுத்த பட்டையில் விழும் அதே கணத்தில், இடக்கை விரல்கள் முந்திய பட்டையைப் பிடித்து அடக்க வேண்டும். தாமதித்தால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்பி, பின்னல் காதில் விழாது. அவசரப்பட்டால் ஒலி மலரும் முன்பே செத்துவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு அடிப்பதைவிட இந்த அடக்குவதுதான் கஷ்டம்.

அழகுக்காக ஒற்றைக் கங்சா வாங்கி வரவேற்பறையில் வைப்பவர்களுக்கும், அரைகுறைத் தொகுதி வாங்கும் இசைப் பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை: கமெலானுக்குப் பொதுச் சுருதி கிடையாது. ஒவ்வொரு தொகுதியும் தன் சுருதியோடு பிறக்கிறது. ஒரு வாத்தியம் கெட்டால் வேறு தொகுதியிலிருந்து எடுத்து வைக்க முடியாது. மற்றவற்றோடு ஒத்துப் பார்த்துத்தான் புதிதாகச் செய்ய வேண்டும். வாங்குவதாக இருந்தால் ஜோடியாக வாங்குங்கள். வாங்கும் முன் இரண்டையும் ஒரே ஸ்வரத்தில் ஒன்றாக அடித்து, கீழிருந்து மேல்வரை துடிப்பின் வேகம் சீராக வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.