மழைக்குப் பிறகு மனையைப் பாருங்கள்

வேலூரை அடுத்த காட்பாடிப் பக்கம் மனை வாங்குவோர் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரத்தையும் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் பார்த்தால் போதும் என்று, மனை வாங்குவது பற்றிக் கட்டுரை எழுதியவர் முடித்துவிட்டார். போதாது ஐயா. நானும் அவ்விரண்டையும் நம்பித்தான் 1,200 சதுர அடிக்கு முன்பணத்தோடு போனேன். செம்மண் கொட்டிச் சமன் செய்து, கொடி கட்டி, இடம் திருவிழாபோல் இருந்தது. ஆனால் பக்கத்து வயலின் பம்புசெட் அறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு! களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டேன். "ஏரி நிரம்பினால் தண்ணீர் இந்த வழியாகத்தான் போகும், தம்பி" என்றார். முன்பணத்தோடு திரும்பிவிட்டேன். 2021 நவம்பரில் பாலாறு ஓடிய ஓட்டத்தை நாம் பார்த்தவர்கள்தானே!

வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா எல்லாம் அவசியம்தான். அவற்றோடு கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டையும் வாங்கி, அந்தச் சர்வே எண்ணை ஒட்டி ஓடையோ வாய்க்காலோ இருக்கிறதா என்று பாருங்கள். சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரப்பட்டனவா என்றும் கேளுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் என்றால் தோல் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட இடங்கள் உண்டு. அக்கம்பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள். பிள்ளைகள் குடிக்கப்போகும் தண்ணீர் அது.